என்ன சத்தம் வருது, போட்டுக் காட்டுங்க

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு மழை சீசன், வெயில் சீசன் எல்லாம் கிடையாது. ஆயுத பூஜை சீசன் ஒன்றுதான்.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லேத்து, லாரி, தையல் மிஷின், மிக்ஸி என்று எது ஓடினாலும் அதைத் துடைத்துப் பொட்டு வைக்கிற ஊர் இது. அந்த வேகத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரையும் அக்கக்காகக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறோம். பூஜையன்று எதையும் ஓட்டக் கூடாது என்பதால் குட்டு அன்றைக்கு வெளியே வராது. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டு பட்டனை அமுக்கினால் பெட்டி கம்மென்று உட்கார்ந்திருக்கும். அமுக்கி, மறுபடி அமுக்கி, வயரைப் பிடுங்கிச் சொருகி, வீட்டிலிருக்கிற எல்லோர் மேலும் எரிந்து விழுந்தவர்தானே நீங்களும்? வாங்க, நம்ம ஆள்தான்.

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். பாகலூர் ரோட்டில் சீனி அண்ணன் கடையில் லீவு நாளெல்லாம் வேலை. சம்பளம் இல்லாமல் இன்னொரு வேலையும் செய்கிறேன்: கடைக்கு யார் வந்தாலும் சரி, அவர் படி இறங்கியதும் அவர் குரலிலேயே பேசிக் காட்டுவேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற சீனி அண்ணன், அத்திப்பள்ளி பஸ் கண்டக்டர், எங்கள் பிரின்சிபால் மேடம், பழுதான கூலிங் ஃபேன் எல்லாம் என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவர்

பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். போன் போட்டு, "ஆன் ஆகலம்மா" என்பார்கள். அது எனக்குப் போதாது. ஃபேன் சுற்றிவிட்டு நிற்கிறதா, சுற்றவே இல்லையா, பீப் சத்தம் நீளமா குட்டையா என்பதை வைத்துத்தான் கோளாறைப் பிடிக்க முடியும். அதனால் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "என்ன சத்தம் வருது, போட்டுக் காட்டுங்க." ஊரையே கேலி பண்ணுகிறாள் என்று என்னைத் திட்டுகிறவர்கள் அப்போது பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். ஆன் ஆகாத பெட்டிக்கு முன்னால் எல்லோருமே மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ரிட்டயர்டான தலைமையாசிரியர் ஒருவர் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். சத்தம் போட்டுக் காட்டச் சொன்னேன். மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம். அதற்குப் பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "பீ...ப். பீ...ப். பீ...ப்." நல்ல சுருதி. நீளமாக, விட்டு விட்டு வந்தால் ரேம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். "உள்ள ஸ்கேல் மாதிரி பச்சையா ஒண்ணு நிக்கும் சார். கரண்டைப் பிடுங்கிட்டு, அத எடுத்து, டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க" என்றேன். டக். பெட்டிக்கு உயிர் வந்தது. நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். குரல் மறுபடி தலைமையாசிரியர் ஆகிவிட்டது:

"இப்ப நான் பண்ணினத நீ யார்கிட்டயும் பண்ணிக் காட்டக் கூடாது, புரியுதா?"

சந்தனக் காப்பு

ஜூஜுவாடியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற சிவண்ணா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். "ஆன் ஆகத்தே... ரெண்டே நிமிஷம்... ஆமேலே ஆஃப்!" சத்தம் போட்டுக் காட்டச் சொன்னதும் வெட்கமே படவில்லை. மேட்டில் ஏறுகிற லோடு லாரி மாதிரி "ஊ...ம்ம்ம்" என்று ஏற்றி, ஏற்றி, சட்டென்று நிறுத்தினார். சூடு தாங்காமல் நின்றுபோகிறது என்று புரிந்தது. பெட்டியைக் கொண்டுவரச் சொன்னோம்.

மூடியைத் திறந்தால் கோயில் வாசம். பெட்டிக்குள் பிராசசர் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை தடவியிருக்கும். அந்தப் பசைதான் சூட்டை ஃபேனுக்குக் கடத்தும். சிவண்ணா அதை அழுக்கு என்று நினைத்து வழித்துப் போட்டுவிட்டு, கல்லில் உரைத்த சந்தனத்தை நிறையவே அப்பியிருந்தார். அது காய்ந்து வெடித்து, வறண்ட ஏரி மாதிரி கிடந்தது. நான் சுரண்டி எடுக்க எடுக்க, அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"சாமி தலையே சில்லுனு இருக்குது இதால, இந்தப் பெட்டி தலைக்கு ஆகாதாம்மா?"

கையால் போட்ட சத்தம்

முனிராஜ் அங்கிள் போன் பண்ணவில்லை. அவரால் பேச முடியாது. ஒரு கம்பெனி டூல் ரூமில் லேத்து ஓட்டியவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபோது குரல் மொத்தமும் போய்விட்டது. கழுத்தில் எப்போதும் ஒரு கர்ச்சீப். அவர் பேசுவது கம்ப்யூட்டர் வழியாக: அவர் டைப் அடித்தால் அது வாய்விட்டுப் படிக்கும். போனிலும் அந்த வசதி உண்டுதான். ஆனால் அவருடையது லேத்துக் கை. போனில் ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழும். அதனால் பெரிய கீபோர்டு, பெரிய ஸ்பீக்கர், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. அதையும் பூஜைக்குக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார், கூடவே அவர் மனைவி ரத்னா ஆன்ட்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் பவித்ராவுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம் என்று ஆன்ட்டி சொன்னார். தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சம்மதம் சொல்ல வேண்டும். "பெரியப்பா சொல்லட்டும்னு சொந்தக்காரங்கோ சொல்றாங்கோ. இவரு ஒத்துக்கவே மாட்டேங்கறாரு." அங்கிள் கையிலிருந்த, எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட்டில் எழுதி என் பக்கம் திருப்பினார்: "என் பொண்ணு. நான்தான் சொல்லணும்."

எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது. அந்தத் தடுமாற்றத்தில் பழக்க தோஷமாக, "என்ன சத்தம் வருது அங்கிள், போட்டுக் காட்டுங்க" என்று கேட்டுத் தொலைத்தேன். சீனி அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அங்கிள் கோபப்படவில்லை. கையைத் தூக்கி விரலைச் சொடுக்கினார். டிக். உள்ளங்கையைக் கால் சுற்று திருப்பினார். அப்படியே நிறுத்தினார். பட்டனை அமுக்கியதும் ஃபேன் கால் சுற்று அசைந்து செத்துவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆன்ட்டிக்குப் பெருமை தாங்கவில்லை:

"பாத்தியா பாப்பா, ஊரே வாயால பண்றத எங்க வூட்டுக்காரரு ஒத்தக் கையால பண்ணிட்டாரு!"

வீட்டில் இன்னொரு பொம்பளை

உள்ளே கரண்ட் தருகிற பவர் சப்ளையை மாற்றினோம், ரேமை மாற்றினோம், பட்டனின் வயரை மாற்றினோம். அதே டிக், அதே கால் சுற்று. அங்கிள் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். சிலேட்டில் அவர் எழுதுவதை நான் யாராவது ஒருவர் குரலில் படிப்பேன். "டீ சொல்லவா?" என்பதை அத்திப்பள்ளி கண்டக்டர் குரலில் கூவுவேன், "சர்க்கரை கம்மி" என்பதைப் பிரின்சிபால் மேடம் கண்டிப்பார். அங்கிள் சிரித்தால் சத்தம் வராது. தோள் குலுங்கும், ஸ்டூல் கிறீச்சிடும். ஒருநாள் போனில் ஒரு வீடியோ காட்டினார். பெட்டி நன்றாக இருந்தபோது பவித்ரா அக்கா எடுத்தது. கேட்டுவிட்டு நான் அவர் கட்டை மீசையைப் பார்த்தேன். பெட்டியில் வந்தது பெண் குரல்! அந்தச் சாஃப்ட்வேரில் தமிழ் ஓரளவு ஒழுங்காக வந்தது அந்தக் குரலில் மட்டும்தானாம். ஏற்ற இறக்கமே இல்லாமல், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திப் பேசுகிற குரல். டீ ஆறுவதற்குள் எனக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆன்ட்டி போன் பண்ணினார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அங்கிளைப் பார்த்தேன். எனக்கு எப்படிக் குறுகுறுத்ததோ அப்படியே அவருக்கும் கண்ணில் தெரிந்தது. சிலேட்டில் எழுதி நீட்டினார். நான் அந்தப் பெட்டிக் குரலில் படித்தேன்: "ரத். னா. இன்று. என்ன குழ. ம்பு." அந்தப் பக்கம் ஆன்ட்டியின் குரல் உடைந்து வந்தது. "ஏங்க... வந்துருச்சா? நெசமாவா? இருங்க, சம்பந்தி வூட்டுக்கு இப்பவே சொல்லிடறேன், பெரியப்பா வேணாம், அவரே பேசுவாருன்னு." நான் ஐயோ என்று வாயைத் திறப்பதற்குள் போன் வைத்தாயிற்று. ஸ்டூல் கிறீச்சிடுவது நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேரும் செத்துக் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சீனி அண்ணன்தான் முதலில் பேசினார்:

"ஏமே, ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஆன் ஆகலன்னா, நீ அந்த வூட்டுக்கே குடி போயிடு."

வெளியே உயிர்

மிச்சமிருந்தது ஒரே வழி. பெட்டிக்குள்ளிருந்து மதர்போர்டை மொத்தமாகப் பிரித்து வெளியே எடுத்து, ஒரு அட்டைமேல் வைத்தேன். வயர்களைச் சொருகிவிட்டு, பட்டன் சேருகிற இரண்டு கம்பிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டேன். ஃபேன் சுற்றியது. கால் சுற்று இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கிள் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். மறுபடி பெட்டிக்குள் மாட்டினேன். டிக். கால் சுற்று. செத்துவிட்டது. வெளியே எடுத்தால் உயிர், உள்ளே வைத்தால் பிணம். "பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று சீனி அண்ணன் முணுமுணுத்தார்.

போர்டைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். ஓரிடத்தில் வட்டமாக, மிளகு அளவுக்கு, பளபளவென்று ஒரு தடம். பெட்டிக்குள் டார்ச் அடித்தேன். போர்டைத் தாங்கச் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் இருக்கும். போர்டில் ஓட்டை இருக்கிற இடத்துக்கு நேராக மட்டும்தான் அவை நிற்க வேண்டும். இங்கே ஒன்று, ஓட்டையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு போர்டின் முதுகைக் குத்திக்கொண்டிருந்தது. அது தொடுகிற இடத்தில் கரண்ட் தடம் மாறிப் போகும். பெட்டி பயந்து உடனே அணைந்துவிடும். மற்ற கால்களைவிட அந்த ஒன்று மட்டும் நகை மாதிரி மின்னியது. நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் கர்ச்சீப்பைச் சரிசெய்துகொண்டே கூரையைப் பார்த்தார். பெட்டித் தகட்டில் மரை போட்ட ஓட்டை ஒன்று காலியாக இருந்திருக்கிறது. மனுஷன் நண்பர் பட்டறைக்குப் போய், லேத்தில் பித்தளைக் கம்பியைக் கடைந்து, மற்ற கால்களின் அளவுக்கே ஒன்று செய்து மாட்டியிருக்கிறார்!

அந்தப் பித்தளைக் காலை அவரே கழற்றினார். போர்டை மாட்டி மூடினோம். இந்த முறை பட்டனை அவரையே அமுக்கச் சொன்னேன். ஃபேன் சுற்றியது, திரை வெளுத்தது. கீபோர்டை இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். முதலில் மகள் பெயர். பெட்டி அதைக் கடித்துக் கடித்து, "பவித். ரா" என்றது. தலையாட்டிவிட்டு எழுத்துகளை மாற்றி மாற்றி அடித்தார். நாலைந்து முறைக்குப் பிறகு, அம்மா கூப்பிடுகிற மாதிரி வழுவழுவென்று "பவித்ரா" என்று வந்தது. அதற்குப் பிறகுதான், அந்தக் காலை ஏன் செய்தார் என்று எங்களுக்குப் பதில் சொன்னார்:

"ஓட்டை. சும்மா இருந்தால். எனக்குத் தூக்கம். வராது."

மூச்சு

சனிக்கிழமை பெட்டியை எடுத்துப்போக இருவரும் வந்தார்கள். ஆன்ட்டி முகத்தைப் பார்த்ததும், போனில் பேசியது பெட்டி இல்லை, நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று "ஆன்ட்டி, நேத்து..." என்று இழுத்தேன். ஆன்ட்டி சம்பங்கிப் பூவும் பழமும் வைத்த தட்டை என் கையில் திணித்தார். அழைப்பாம். காலையிலேயே வந்துவிட வேண்டுமாம். சம்பந்தி வீட்டுக்கு நேற்று போனே பண்ணவில்லையாம். அங்கிளைப் பார்த்து ஒரு முறை, என்னைப் பார்த்து ஒரு முறை சிரித்தார்:

"மிஷினு மூச்சு விடாது பாப்பா, நீ நடுவுல மூச்சு வாங்குன; சம்பந்தி வூட்டுக்கு சொல்லிடறேன்னு சொல்லி வெச்சாதான சீக்கிரமா சரி பண்ணுவீங்கோ?"

ஸ்பேர்

ஆனாலும் ஆன்ட்டிக்கு உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனதும் என்னைச் சமையல்கட்டு வாசலில், ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். பெட்டி பாதியில் மக்கர் பண்ணினால், மிச்சத்தை நான் அந்தக் குரலில் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியது என்ன என்று கேட்டேன். "அவரு எங்கிட்டயே சொல்லல. நீ ஸ்க்ரீனப் பாத்துப் படி" என்றார். சுடுதண்ணீர் குடித்தேன். மூச்சு வாங்காமல் பேசுவதற்குக் காலையிலிருந்து பழகியிருந்தேன்.

தட்டு மாற்றுகிற நேரம். பெரியவர் ஒருவர், "பொண்ணோட அப்பா சொல்லணுங்கோ" என்றார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அங்கிள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீபோர்டின் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. டக். டக். டக். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரீனையே பார்த்தேன். பெட்டி பேசியது: "என் மகள் பவித்ராவை. உங்கள் வீட்டுக்குக் கொடுக்க. எனக்கு முழு. சம்மதம். அவள் தூங்கும்போது. லைட்டை அணைக்காதீர்கள். சின்ன வயதில் இருந்தே. பயம்."

பெயரில் பிசிறே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா, "அணைக்க மாட்டோங்க, அணைக்கவே மாட்டோம்" என்று பெட்டியைப் பார்த்தே பதில் சொன்னார். பவித்ரா அக்கா எழுந்து ஓடிவந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். கீபோர்டின் மேல் சொட்டு விழுந்தது. அங்கிள் ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையின் ஒற்றை விரலால் மறுபடி டைப் அடித்தார். அந்தப் பெண் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னது:

"அழாதே. தண்ணீர் பட்டால். மறுபடி. அந்த வாயாடியின் கடைக்குப். போக வேண்டும்."

தொண்டையைத் தீட்டிக்கொண்டு போய், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லாமல், அதில் சந்தோஷப்பட்டு வீடு திரும்பிய ஒரே மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட் இந்த ஓசூரில் நானாகத்தான் இருப்பேன்.