கடல் முயலுக்கு ஊற்றிய தீர்த்தம்

யுத்தம் முடிந்த மறு வருஷம். மதுரையில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த எங்களை விலங்கியல் ஆசிரியர் மண்டபம் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தார். வைகையில் முழங்கால் தண்ணீர் வந்தாலே வெள்ளம் என்று வேடிக்கை பார்க்க ஓடும் கோச்சடைக்காரி நான். கடலைக் கண்டதும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாசி மண்டிய, ஆழமில்லாத இடத்தில் எனக்கு ஒரு கடல் முயல் கிடைத்தது. முயல் என்றதும் தாவும் என்று நினைக்க வேண்டாம். மேலே கூடு இல்லாத நத்தை அது. உள்ளங்கை அகலம், பாசி நிறம், மேலெல்லாம் கரும்புள்ளி. தலையில் முயல் காது மாதிரி இரண்டு கொம்புகள். பயந்தால் ஊதா மை கக்கும். எங்கள் கல்லூரிப் புட்டியில் இருந்ததோ வெளுத்துச் சுருங்கிய சதைத் துண்டு. இதை உயிரோடு மதுரைக்குக் கொண்டுவந்தால் நீயே வண்ணத்தில் வரையலாம், வகுப்பில் மாட்டுவோம் என்றார் ஆசிரியர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடல்நீர் நிரப்பிய மண்சட்டியோடு ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். மற்றவர்கள் எல்லாம் ஆண்கள், வேறு பெட்டி. எதிரே, ராமேஸ்வரம் போய்த் திரும்பும் விளாங்குடி அம்மாள் ஒருவர். பரமக்குடி தாண்டியதும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால், அந்த அம்மாள் தன் செம்பைச் சட்டியில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்!

“உப்புத் தண்ணியில வாய் காஞ்சு கெடக்கு, பாவம். கோயில் தீர்த்தந்தான் தாயி, குடிக்கட்டும்.”

நல்ல தண்ணீர்! சட்டி முழுக்க ஊதாவாகி, முயல் சுருண்டுவிட்டது. அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. உப்புத் தண்ணீரில்தான் அது பிழைக்கும் என்று கத்தினேன்.

“ஆத்தாடி, எனக்குத் தெரியாதே! கடத்தண்ணிதான வேணும்?”

மூட்டையிலிருந்து வாய் கட்டிய கலயம் ஒன்றை எடுத்தார். ராமேஸ்வரத்துக் கடல்நீர். படுக்கையில் கிடக்கும் கணவர் தலையில் தெளிக்கக் கொண்டுபோவதாம். நான் தயங்கினேன்.

“அவுகள அடுத்த வருசம் கூட்டிட்டுப் போயி கடல்லயே முங்க வச்சுர்றேன். இதுக்கு இப்பல்ல வேணும்? ஊத்து தாயி.”

பழைய நீரை வடித்துவிட்டு ஊற்றினோம். மானாமதுரை தாண்டியும் அசைவில்லை. இருவரும் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம். சிலைமான் நெருங்கும்போது ஒரு கொம்பு மெல்ல நீண்டது. பிறகு இன்னொன்று. அந்த அம்மாள் போட்ட குலவையில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மதுரை சேர்ந்ததும் அன்றைய சாயங்கால வெளிச்சத்திலேயே படத்தை வரைந்து முடித்தேன். பின்னாளில் நானும் ஆசிரியை ஆனேன். விவரம் தெரியாமல் தப்புச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனாலும் விவரத்தைச் சொல்லிவிட்டால் போதும், தங்களுக்கென்று வைத்திருப்பதைக்கூட எடுத்துக் கொடுத்துச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழைகிறேன்.