எதிர்க்கட்சிக்கு வந்த கவலை

அந்தத் தெருவில் தையல்காரம்மா வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். எதிர்க்கட்சி வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். பட்டம் கொடுத்தவள் அவள் தையல் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி. பட்டம் கிடைத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை. ஒரு நாளும் ஒத்துப் போனதுமில்லை.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். மின்விசிறிக் காற்று இந்தப் பக்கமும் வரட்டும் என்று அதன் மேல்பாகத்தில் ஒரு சதுரத்தை அறுத்துவிட்டிருந்தார்கள். காற்று வந்ததோ இல்லையோ, உலகச் செய்தி முழுக்க அந்த ஓட்டை வழியாக வந்தது. காலையில் ஜெராக்ஸ் மெஷின் சூடாகும் வரைக்கும் கடைக்காரி செல்போனைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். ராக்கெட், செயற்கை அறிவு, செவ்வாயில் தண்ணீர், எதையும் விட மாட்டாள்.

"நிலா மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் தூரத்துல இருக்காம்டி."

"டேப்போட அந்த முனையை யாரு பிடிச்சுக்கிட்டா?"

"டேப் இல்லடி. இங்கேருந்து ஒளியை அனுப்பறாங்க. அது அங்கே பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை வச்சுக் கணக்குப் போடறாங்க."

"உனக்குக் கொடுத்த ஊசியே இன்னும் திரும்பி வரலை. நிலாவுக்கு அனுப்பின ஒளி வந்துடுச்சாக்கும்!"

தையல்காரி இப்படிப் பேசுவதற்கு அவள் தொழிலும் ஒரு காரணம். 'போன வருஷ அளவேதான், அப்படியே தைச்சிடுங்க' என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். டேப்பைச் சுற்றினால் இடுப்பு வேறு கதை சொல்லும். அதனால் மனுஷர் சொல்லையும் நம்ப மாட்டாள், மெஷின் சொல்லையும் நம்ப மாட்டாள். ஒரு தடவை கல்லூரிப் பெண் ஒருத்தி, செல்போன் படம் பிடித்தே உடம்பு அளவைச் சொல்லிவிடும் என்று கொண்டு வந்து காட்டினாள். அந்த அளவுக்கே தைத்துக் கொடுத்து அதன் மானத்தை வாங்கிவிடுவது என்று தையல்காரி வரிந்து கட்டிக்கொண்டு தைத்தாள். சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது, இடது தோளில் மட்டும் ஒரு சின்னச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தைப் பற்றியே ஒரு மாதம் பேசினாள்.

இன்னொரு காரணமும் உண்டு. எட்டாம் வகுப்பில், பூமி சுற்றுகிறது என்று வாத்தியார் சொன்னபோது, 'எப்படித் தெரியும் சார்?' என்று எழுந்து கேட்டவள் இவள். திமிர் என்று வெளியே நிற்க வைத்தார். அப்பாவிடம் சொன்னாள். 'பொம்பளைப் பிள்ளைக்கு வாய் நீண்டுபோச்சு' என்று அடுத்த மாதமே தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் யாரிடம் எதைக் கேட்டாலும் சிரிப்பார்கள், இல்லையென்றால் முறைப்பார்கள். ஜெராக்ஸ்காரி ஒருத்திதான் கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டாள். தெரிந்தால் சொல்வாள். தெரியாவிட்டால், 'இரு, நாளைக்குச் சொல்றேன்' என்று ராத்திரி முழுக்க எதையாவது படித்துவிட்டு வருவாள். தையல்காரி ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அந்தப் பதிலுக்காகத்தான் தினமும் அரைமணி முன்னதாகவே கடையைத் திறந்தாள்.

அன்றைக்கு விண்வெளியிலிருந்து நாலு பேர் திரும்பி வருகிற செய்தி.

"வேகமா வர்றப்போ காத்து உரசி, இரும்பே உருகற அளவுக்குச் சூடு ஏறுமாம்டி" என்றாள் ஜெராக்ஸ்காரி.

"அப்போ உள்ளே இருக்கிறவன் வெந்துட மாட்டானா?"

பதில் இல்லை. ஆகா, மடக்கிவிட்டோம் என்று தையல்காரி ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்தாள். அப்புறமும் பதில் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஓட்டையிலிருந்து பதில் வராமல் இருந்ததே கிடையாது. ஓடிப் போய்ப் பார்த்தாள். செல்போன் தரையில் கிடந்தது. ஜெராக்ஸ்காரியின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தாள், சொல் வரவில்லை.

இரண்டு கடையையும் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவள் எதிர்க்கட்சிதான்.

"நல்லவேளை, நேரத்தோட வந்துட்டீங்க" என்றார் டாக்டர். "மூளைக்குப் போற ரத்தக்குழாயில அடைப்பு. எந்த இடம்னு கம்ப்யூட்டரே குறிச்சுக் காட்டிடுச்சு. மருந்து ஏத்தியாச்சு."

"கம்ப்யூட்டர் சொன்னா ஆச்சா டாக்டர்?"

"நானும் பாத்தேன்மா."

"பேசுவாளா?"

"பேச்சு வரும். பழையபடி யோசிப்பாங்களா, ஞாபகம் எல்லாம் எவ்வளவு திரும்பும்னு போகப் போகத்தான் தெரியும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தையல்காரி வேண்டாத தெய்வம் இல்லை. கடவுளே, இந்த ஒரு தடவை மெஷின் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று வேண்டினாள். சொல்ல வெட்கம்தான், ஆனால் வேண்டினாள்.

ஜெராக்ஸ்காரி வீடு திரும்பியதும் அவள் மகள் ஊரிலிருந்து வந்து கூடவே தங்கினாள். பெண் கெட்டிக்காரி. மருந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றுக்கும் மணி வைத்திருந்தாள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, அம்மா தூங்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டுதான் உள்ளே விடுவாள்.

தையல்காரி அந்த மாடி வீட்டுக்குப் படியேறிப் போனாள். ஜெராக்ஸ்காரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் நேராகிவிட்டிருந்தது. வார்த்தைகள் கொஞ்சம் மெதுவாக வந்தாலும் தெளிவாகத்தான் வந்தன. தையல்காரிக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு தன் வேலையையும் தொடங்கினாள்.

"உன் நாலு பேரும் கடல்ல இறங்கிட்டாங்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாம் ஸ்டுடியோவுல எடுத்ததா இருக்கும்."

"ஆமா. இருக்கும்" என்றாள் ஜெராக்ஸ்காரி.

தையல்காரிக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. "செவ்வாய்க்குச் செலவு பண்ற காசுல நம்ம தெருக் குழாயைச் சரி பண்ணலாம்."

"நீ சொல்றதுதான் சரி."

"நிலாவே கிடையாதுங்கறேன் நான். யாரோ லைட்டு கட்டித் தொங்க விட்டிருக்காங்க."

ஜெராக்ஸ்காரி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இருக்கலாம்டி" என்றாள்.

தையல்காரி அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை.

வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் கணவர் பஸ் ஓட்டுநர். பேசத் தெரியாதவர் அல்ல, பேச இடம் கிடைக்காதவர்.

"என்னம்மா ஆச்சு? நல்லாத்தானே இருக்காங்கன்னு சொன்னே?"

"எங்கே நல்லா இருக்கா? நான் எதைச் சொன்னாலும் ஆமாங்கறா. மூளை போயிடுச்சுங்க. உடம்பு மட்டும்தான் திரும்பி வந்திருக்கு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும்தான் ஆமாங்கறேன். என்னை ஒரு டாக்டர்கிட்டக் காட்டினியா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்கு முடியவில்லை. இனி 'எப்படித் தெரியும்?' என்று யாரிடம் போய்க் கேட்பது? சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் கடையில் கத்திரிக்கோலைத் தொடவே பிடிக்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அவளால் இனி தன் பக்கத்தைப் பேச முடியாதென்றால் அவளுக்காக நாமே பேசிவிட்டுப் போவோம். ஜெயித்த சந்தோஷமாவது அவளுக்கு இருக்கட்டும். கணவரின் செல்போனை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக விண்வெளிச் செய்தியைத் தானே படித்தாள். பாதி புரிந்தது. புரியாத பாதியைத் தானாகவே ஒட்டுப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, மருந்து குடிக்கிற முகத்தோடு ஆரம்பித்தாள்.

"நேத்து நான் சொன்னது தப்புடி. அந்த நாலு பேரும் நிஜமாவே வந்துட்டாங்க. நீதான் ஜெயிச்சே."

ஜெராக்ஸ்காரியின் கண் விரிந்தது. "நீயா சொல்றே? எங்கே, வாயைக் காட்டு. கோணுதா பாக்கறேன்."

"கோணலாம் இல்லை. நானே படிச்சேன். உள்ளே இருக்கிறவங்க ஏன் வேகலைன்னா, அங்கே காத்தே கிடையாதாம். காத்து இல்லாததால சூடே ஏறலையாம். அப்புறம் பாராசூட் விரிஞ்சு மெதுவா இறங்கிட்டாங்களாம்."

ஜெராக்ஸ்காரி கதவைப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அடியே! காத்தே இல்லாட்டி பாராசூட் எதுலடி விரியும்? உன் வாயாலயா? சூடு ஏறத்தான் செய்யும். விண்கலத்துக்கு அடியில ஒரு கவசம் இருக்கு. அது கரிஞ்சு கரிஞ்சு உதிர்ந்து, சூட்டையும் தன்னோட கொண்டு போயிடும். அன்னிக்கே சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ளே இந்தப் பாழாப்போன அடைப்பு வந்துடுச்சு. நேத்து நிலாவையே இல்லைன்னே, பொறுத்துக்கிட்டேன். என் பக்கம் பேசறதா இருந்தா ஒழுங்காப் பேசு, இல்லாட்டி உன் கட்சிக்கே போயிடு!"

தையல்காரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை, ஒன்றும் விட்டுப்போகவில்லை. கோபம்கூடப் பழைய கோபம். "அப்போ நேத்து ஏன்டி எல்லாத்துக்கும் தலையாட்டினே?" என்று கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

"யாரோடவும் வாக்குவாதமே கூடாது, ரத்த அழுத்தம் ஏறும்னு டாக்டர் சொல்லிட்டாராம். முக்கியமா உன்னோட கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, என் பொண்ணு, இந்த மகராசி."

சத்தம் கேட்டு மகராசியும் ஓடி வந்துவிட்டாள். "அம்மா! என்ன சொன்னேன் நான்? அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சொல்லலை. இப்போ கொஞ்சம் கீழே போங்க அத்தை, தயவுசெஞ்சு."

தையல்காரி அந்தப் பெண்ணை இழுத்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். கடைசிப் படி வரைக்கும் வந்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த கல் உருண்டு போனது. விக்கி விக்கி அழுதாள். இப்படி நிம்மதியாக அழுததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

தலைக்கு மேலே மாடி ஜன்னல் தடாலென்று திறந்தது.

"ஏய், இன்னும் முடிக்கலைடி! அந்தக் கவசம் எதுல செஞ்சதுன்னு தெரியுமா உனக்கு? என்ன, சத்தத்தையே காணோம்? தோத்துட்டியா?"

"யாரு, நானா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்திவிட்டு, தையல்காரி மறுபடியும் படியேறினாள்.