காலிக் கையில் நாற்பத்தெட்டு கிலோ

இது நடந்தது. எனக்குச் சொன்னவள் ஜாஸ்லின். சொல்லி முடிக்கிற வரை தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தாள். இட்டுக்கட்டுகிறவர்கள் கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்வார்கள், கண்ணுகளா. இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் தைரியமாகப் படிக்கலாம். இதில் இருட்டே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், உச்சி வெயில்.

ஜாஸ்லின் தங்கச்சிமடத்துப் பெண். அப்பா எட்வர்ட் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இவள் டிப்ளமோ படித்துவிட்டு மதுரையில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். ஆலைகளில் ரோபோ கைகள் இருக்கின்றன அல்லவா, அவை நாளாக நாளாக நூல் அளவு, அரை நூல் அளவு தடம் மாறும். அதை அளந்து, திருத்தி, ‘சரியாக இருக்கிறது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் மெஷினை ஓட்டலாம். தனியாக அவளை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

தேவிபட்டினத்துக்கு வடக்கே, தொண்டி ரோட்டில் ஒரு இறால் கம்பெனி. உறைய வைத்த இறால் பெட்டிகளைத் தூக்கி அடுக்க அங்கே ஒரு ரோபோ கை. மஞ்சள் நிறம். நிமிர்ந்தால் இரண்டு ஆள் உயரம். ஒரு வாரமாகப் பெட்டிகளைக் கோணலாக வைத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. திங்கள் காலை ஆறு மணிக்கு இருபது பெண்கள் அதன் பக்கத்தில் வேலைக்கு வந்து நிற்பார்கள். அதற்குள் சரியாக வேண்டும்.

லீவு நாள். உள்ளே ஈ, காக்கை இல்லை. எலக்ட்ரீசியன் வேல்ராஜ் மட்டும் கதவைத் திறந்துவிட்டார்.

“வாம்மா. இவருதான் எங்க மாப்பிள்ளை. ஏசியிலயே நிப்பாரு. கரண்ட்டை மட்டும்தான் திம்பாரு. கிட்டப் போனா கோவிச்சுக்குவாரு.”

“எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தானண்ணே,” என்றாள் ஜாஸ்லின். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ரோபோவைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு. கூண்டுக்கு ஒரு கதவு. கதவில் நாக்கு மாதிரி ஒரு இரும்புச் சாவி. கதவை மூடினால் அது பூட்டுக்குள் போகும்; திறந்தால் வெளியே வரும், மெஷின் அந்த நொடியே நிற்கும். உள்ளே போகிற ஆள் உயிரோடு திரும்புவதற்கு அதுதான் காவல். ஆனால் அந்தப் பூட்டுக்குள் வேறொரு சாவி ஏற்கெனவே சொருகியிருந்தது. மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

“இது என்னண்ணே?”

“அதுவா… பெட்டி சும்மா சும்மா விழுகுதுல்ல. எடுக்கப் போறப்பல்லாம் மெஷின் நின்னு, திரும்பக் கிளம்பப் பத்து நிமிசம் ஆகுது. சூப்பர்வைசர் கத்துறாரு. அதான் கட்டி வச்சிருக்கு. கதவு தொறந்து கிடந்தாலும் மூடியிருக்குன்னு மாப்பிள்ளை நெனச்சுக்குவாரு.”

“ஆளு உள்ள நிக்கிறப்பவும் ஓடுமேண்ணே! இதைக் கழட்டாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“போறப்பக் கழட்டிருவோம். நீ வேலையைப் பாரும்மா. நான் வெளிய ஜெனரேட்டர்கிட்ட இருக்கேன்.”

மணி 11:20. ஜாஸ்லின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் போனாள். உள்ளே அவ்வளவு குளிர். ரோபோவின் ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிற கோட்டுக் குறிகளை ஒன்றோடொன்று நேர் நிறுத்தினாள். ஒரு மூட்டு மயிரிழை விலகியிருந்தது. திருத்தினாள். இனி ஒரே இடத்துக்கு முப்பது தடவை அந்தக் கையை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதன் நுனி வந்து அளவுமானியைத் தொடும். முள் எவ்வளவு விலகுகிறது என்று எழுத வேண்டும்.

கன்ட்ரோல் பெட்டி அவள் கையில். பொத்தானை அமுக்கிப் பிடித்தால் ரோபோ மெதுவாக நகரும். விட்டால் நிற்கும்.

முதல் தடவை. டிக். 0.02. இரண்டாவது. டிக். 0.02. மூன்றாவது 0.03. நல்ல பிள்ளையாக வந்து வந்து தொட்டது.

11:52. பதினெட்டாவது தடவை.

கன்ட்ரோல் பெட்டித் திரையின் ஓரத்தில், ரோபோ எவ்வளவு கனம் தூக்கியிருக்கிறது என்று ஒரு எண் தெரியும். அதன் கையில் ஒன்றும் இல்லை. அதனால் சுழிதான் இருக்க வேண்டும். இருந்தது… 3 கிலோ.

ஏதோ கோளாறு என்று அணைத்துப் போட்டாள். சுழி வந்தது. சரி.

பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. டிக். 0.02.

கனம், 19 கிலோ.

நிமிர்ந்து பார்த்தாள். கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கமாக விர்ரென்று வருகிற மோட்டார் சத்தம் மாறியிருந்தது. பாரம் தூக்குகிறவன் முக்குவது போல… ம்ம்ம்… ம்ம்ம்…

“வேல்ராஜண்ணே?”

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

12:09. இருபத்து நான்காவது தடவை. முள் 0.02 காட்டியது. அளவு அத்தனை சுத்தம். கனம்… 48 கிலோ.

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

குளிரில் அந்த மஞ்சள் இரும்பின் மேல் பனி வேர்த்திருந்தது. அந்த ஈரத்தில் ஒரு கைத்தடம். ஐந்து விரலும் பதிந்திருந்தது. சின்னக் கை. பொம்பளைக் கை. அந்த உயரத்துக்கு அவளால் எட்டவே முடியாது. அவள் கையிலோ உறை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இரண்டாவது தடம் விழுந்தது.

யாரோ அந்த இரும்பைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

ஜாஸ்லின் பொத்தானை விட்டாள். ரோபோ நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

12:17.

அது மெல்லத் திரும்பியது. அளவுமானியை விட்டு விலகி, அவள் தலைக்கு மேலாகப் போய், கூண்டின் கதவை நோக்கி நீண்டது. மஞ்சள் கயிறு கட்டிய அந்தப் பூட்டுக்கு நேரே போய் நின்றது. நுனி நடுங்கியது.

பின்னால் வந்தது. மறுபடியும் போனது. அதே இடம்.

மூன்றாவது தடவை.

டிக்… டிக்… டிக்… எதையும் தொடாமலே அளவுமானி அடித்தது.

அவள் காதோரம் ஒரு மூச்சு.

ஜில்லென்று.

ஓடினாள்.

அந்தக் கைக்கு அடியில் குனிந்து, கதவைத் தள்ளி, வெயிலுக்குள் வந்து விழுந்தாள். வெளியே போ என்று ஏதோ தன்னை விரட்டியதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. பாவம், உயிர்ப் பயத்தில் வேறென்ன தோன்றும், சொல்லுங்கள்.

“என்னம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு? முடிஞ்சுதா?”

வேல்ராஜின் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஆறு தடவை பாக்கி. இல்லை என்று சொன்னால் மறுபடி உள்ளே போக வேண்டும்.

“முடிஞ்சுதுண்ணே.”

“அந்தச் சாவியைக் கழட்டணும்னியே. வா, கழட்டிருவோம்.”

“நீங்க கழட்டிருங்கண்ணே. நான் வரல.”

“சரி, காலையில பாத்துக்கலாம்.”

அவருடைய வண்டி சீட்டின் மேல் தாளை விரித்து, மீதி ஆறு கட்டத்திலும் 0.02 என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். மணி 12:31. வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. முதல் வேலையிலேயே பொய்க் கணக்கு எழுதியவள் யாரிடம் என்னவென்று சொல்வாள்?

பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை. வேல்ராஜ் போன் பண்ணினார். அழுதுகொண்டிருந்தார்.

ஒரு பெட்டி விழுந்ததாம். மாரிச்செல்வி என்ற பெண் எடுக்க உள்ளே போனாளாம். கயிறு அவிழ்க்கப்படவே இல்லை. கதவு மூடியிருக்கிறது என்று நினைத்த ரோபோ, தன் பாட்டுக்கு அடுத்த பெட்டியை வைக்க வந்திருக்கிறது. மயிரிழை பிசகாமல் வந்திருக்கிறது.

ஜாஸ்லின் கேட்டாள். “அண்ணே… அதுக்கு முன்னாடி அந்த மெஷின்ல யாராச்சும் செத்திருக்காங்களா?”

“யாரும்மா? புது மெஷினு. பெட்டியைப் பிரிச்சு நிப்பாட்டினதே நான்தானே. இவதாம்மா மொத ஆளு.”

“அந்தக்கா… எவ்வளவு கனம் இருப்பாங்க?”

“என்ன கேள்வி இது? ஒல்லிதான். போன மாசம் மெடிக்கல் கேம்ப்புல நாப்பத்தெட்டுன்னு எழுதினாக. சோத்தைத் தின்னுடின்னு நானே கேலி பண்ணேன்.”

அதற்கு ஐந்து நாள் கழித்து ஜாஸ்லின் நயினார்கோவில் பக்கம் அவர்கள் ஊருக்குப் போனாள். தான் எழுதிய அந்த ஆறு கட்டத்தைப் பற்றி முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். மாரிச்செல்வியின் அக்கா முத்தழகு எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. அடிக்கவில்லை. “என்னைக்குன்னு சொன்ன?” என்று மட்டும் கேட்டாள். நாளையும் நேரத்தையும் சொன்னாள் ஜாஸ்லின்.

முத்தழகு எழுந்துபோய்ப் போனை எடுத்து வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் காதுகுத்து. கோயில் வாசலில் 12:17-க்கு எடுத்த வீடியோ. கூட்டத்தில் மாரிச்செல்வி உயிரோடு, நல்ல சேலை கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று சிரிப்பு நிற்கிறது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குகிறாள். வெறும் காற்றில் எதையோ இறுக்கிப் பிடிக்கிறாள். பிடித்தபடியே ஒரு பக்கமாக இழுக்கிறாள். ஒரு தடவை… இரண்டு தடவை… மூன்று தடவை.

“என்னடி பண்றேன்னு கேட்டேன்,” என்றாள் முத்தழகு. “தெரியலக்கான்னா. அன்னைக்கு வெயிலு மண்டையைப் பொளக்குது. இவ என்னடான்னா கை ரெண்டும் வெறைக்குதுக்கான்னு நடுங்குறா. தொட்டுப் பாத்தேன்…

“ஐஸ்ல வச்ச கை மாதிரி இருந்துச்சு.”