‘ஃபூகா’ என்ற ஒரு சொல்

பதினாறு வயது மகள் பள்ளியிலிருந்து வர இரண்டு மணி நேரம் பிந்திவிட்டது. வேலைக்குப் போன மனைவி தொலைபேசியை எடுக்கவில்லை. பதற்றத்தில் அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்து வரைந்திருந்தாள். கறுப்பு வெள்ளைத் தரைக்கட்டங்களின் கோடுகளெல்லாம் தூரத்துக் கதவொன்றில் போய்க் கூடின. அங்கே சிவப்புப் புள்ளி வைத்து, ‘புந்தோ தி ஃபூகா’ என்று எழுதியிருந்தாள். இத்தாலிய மொழியில் ஃபூகா என்றால் தப்பியோடுதல் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

பலெர்மோ ரயில் நிலையம் முழுக்கத் தேடிவிட்டுத் திரும்பினேன். வீட்டு வாசலில் நின்றாள். கன்னத்தில் அறைந்தேன்.

“எவனோடையடி ஓடப் பாத்தனி?”

“படம் கீறுற வகுப்பிலை நிண்டனான், அப்பா. அம்மாட்டைச் சொன்னனானே.”

“அப்ப அந்த ஃபூகா?”

“கோடுகள் போய்ச் சேருற இடத்துக்கு அதுதான் பேர்.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஓடுறதைப் பற்றி நான் நினைச்சதே இல்லை. இப்பதான் நினைக்கிறன்.”

இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். ஆனால் அவள் வெளிக்கிடும்போது எங்கே என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அந்த எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான்.