டெம்பரரிலி மேல் ஒரு பொட்டு

போன வாரம் செஞ்சி கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் போனேன். கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: "டெம்பரரிலி குளோஸ்டு." முழங்கால் வலியோடு நடந்து வந்தவனுக்குக் கோபம் வர வேண்டும். எனக்கோ சிரிப்பு வந்தது. அந்த வார்த்தைக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு ஐயா.

அறுபதுகளில் எனக்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆர்டரில் "டெம்பரரிலி அப்பாயின்டெட்" என்று டைப் அடித்திருந்தார்கள். தற்காலிகமாக என்று அர்த்தம். புதிதாகச் சேரும் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்கள். சில வருஷத்தில் நிரந்தரமாகிவிடும். எங்கள் அப்பாவை நைனா என்போம். ஜவுளிக்கடைக்காரர், இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வல்லத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அதைக் கழற்றித் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கிளம்பும் முன் ஐந்தாவதாக ஒரு பொட்டு வைத்தவன் நான். எந்த வார்த்தையின் மேல் என்று சொல்ல வேண்டுமா?

பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்பதெல்லாம் சும்மா. இவள் இல்லையென்றால் நான் அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவளுடைய தாய்மாமன், பஸ் கண்டக்டர், சட்டத்தை வாங்கிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். நான் வைத்த பொட்டு துண்டோடு போயிற்று.

"இன்னாது, டெம்பரரிலின்னு போட்டுக்குது? எப்ப வேணா வூட்டுக்கு அனுப்பிடுவான். இது ஒத்து வராது மச்சான்" என்றார் பெண்ணின் அப்பாவிடம்.

நைனா முகத்தில் ஈயாடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, வேர்க்கடலை பயிரிடும் தன் அப்பாவிடம் அவள் கேட்கும் குரல் வந்தது.

"நைனா, வருசா வருசம் கொல்லையில மல்லாட்டை போடறியே, மழை வரும்னு எவனாச்சும் பர்மனெண்டா எழுதிக் குடுத்தானா?"

முதலில் சிரித்தவர் தாய்மாமன்தான். "இந்த வாய்க்கு இவன்தான் லாயக்கு. குடுத்துடு மச்சான்!"

கல்யாணமான மறுநாளே கேட்டாள்: "அந்த அஞ்சாவது பொட்டு நீங்க வச்சதுதான?" நைனா மேல் பழியைப் போட்டேன். வேலை நிரந்தரமான அன்றும் கேட்டாள், பேரன் பிறந்த அன்றும் கேட்டாள். "சாமி சத்தியமா நைனாதான்" என்றே சாதித்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அதைப் பார்க்கத்தான்.

இப்போதெல்லாம் பெண் பார்க்க யாரும் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. எங்கள் சட்டத்தையும் கறையான் தின்றுவிட்டது. அவள் போய் நாலு வருஷமாகிறது. நான்தான் வைத்தேனடி என்று சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது. கேட்கத்தான் அவள் இல்லை.