போர்வை எட்டாத மூலை

என் அண்ணிக்கு எங்கள் தெருவில் ‘போர்வை’ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, நானாகவும் இருக்கலாம். சோற்றுப் பானைக்குப் போர்த்துவார், தையல் மிஷினுக்குப் போர்த்துவார், மழை விட்ட பிறகும் என் காருக்குப் போர்த்துவார். வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் சற்றே கண்ணயர்ந்தால் போதும், விழிக்கும்போது கழுத்து வரை கம்பளி ஏறியிருக்கும். கோடையில் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து எழுந்து, “உயிரோட இருக்கும்போதே மூடறியே, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?” என்பார். அந்த அண்ணனும் போன வருஷம் போய்விட்டார்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை. அவர்களுடைய முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அப்போது குடியிருந்த அறையில் ஜன்னல் கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். நடுக்குளிர்காலம். ஒரு நாள் விடிந்தபோது குழந்தை கம்பளிக்குள் சில்லிட்டுக் கிடந்தது. “குளிர் தாங்கல” என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். வேறு குழந்தை பிறக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி மீதி வாழ்க்கையை ஓட்டினார்.

அண்ணன் போன பிறகு தையல் வேலை படுத்துவிட்டது. அண்ணி எங்கேயோ விசாரித்து, முட்டையில் குஞ்சு பொரிக்கும் பழைய மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து சமையலறையில் நிறுத்தினார். அலமாரி உயரம். முதல் தடவை கரன்ட் போய்க் கெட்டது. அடுத்த தடவை முட்டையே சரியில்லை. மூன்றாவது ஈடு கச்சிதமாக வந்தது. விளக்கை அணைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகக் காட்டுவார். உள்ளே நரம்பு ஓடுவதும், பிறகு கறுப்பாக ஏதோ அசைவதும் தெரியும். “பாத்தீங்களா தம்பி, உதைக்குது” என்பார். எனக்குக் கோழி என்றால் தட்டில் இருப்பதுதான். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

குஞ்சு வெளியே வர இரண்டு நாள்தான் பாக்கி என்ற நிலையில் வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்தார். பெயின்டர் வருகிறாராம், உடனே காலி செய்ய வேண்டுமாம். அந்த இரண்டு நாளைக் கேட்டு நானே போய் நின்றேன். “முட்டைக்காகவெல்லாம் யாராவது வீட்டை நிறுத்தி வைப்பாங்களா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் ஒற்றை அறையில் அந்த மிஷினுக்கே இடமில்லை. போக்கிடம் என்று இருந்தது மலைக்கு அந்தப் பக்கம் அண்ணியின் தங்கை வீடு மட்டும்தான். தங்கை வா வா என்றாள். அவள் புருஷன், “வரட்டும். சும்மா உக்காந்து சாப்பிடற ஆளா வரவேண்டாம்” என்றாராம். அது எப்படியோ அண்ணி காதுக்கு வந்துவிட்டது. “வெறுங்கையோட அந்த வாசலை மிதிக்க மாட்டேன் தம்பி. குஞ்சோடதான் போவேன்” என்றார்.

மிஷின் என் காருக்குள் நுழையவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் முன்னாலேயே அனுப்பினோம். நாங்கள் போய்ச் சேரும்போது அங்கே சூடேறித் தயாராக இருக்கட்டும் என்று. முட்டைகளுக்கு என் கார்தான். மிஷின் விற்றவருக்கு அண்ணி போன் போட்டார். “அலுங்காம கொண்டு போங்கம்மா. குளிர் அடிக்காம பாத்துக்கங்க. அப்புறம்…” என்று அவர் ஆரம்பித்தார். குளிர் என்ற சொல் விழுந்ததுமே அண்ணி போனை வைத்துவிட்டார். அதற்கு மேல் குளிரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பின் சீட்டை மடித்து நீளமான பெட்டி ஒன்றை வைத்தோம். அடியில் வெந்நீர் பாட்டில்கள், மேலே அட்டைத் தட்டுகளில் அகலமான பக்கம் மேலே பார்க்க முட்டைகள். அதற்கும் மேல் அண்ணனுடைய தடித்த போர்வையை இரட்டையாக மடித்துப் போட்டு ஓரமெல்லாம் செருகினார். பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் போர்வை எட்டவில்லை. இழுத்துப் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார். மூடுவதற்கு வேறு துணி தேடினார். எல்லாமே லாரியில் போயிருந்தது. வழி முழுக்க அந்த மூலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆமையிடம் தோற்கும் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துச் சலித்து, முந்தும்போது, “பிரசவத்துக்கா போறீங்க?” என்று கத்தினான். “ஆமாய்யா, வண்டி நிறைய!” என்று நானும் கத்தினேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று ஆரம்பித்திருந்தன. கார் முழுக்க அந்தச் சத்தம். மலை ஏற ஏறக் குளிர் கூடியது. அண்ணி ஹீட்டரைத் திருகி விட்டார். எனக்கு முதுகெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது.

“அண்ணி, ஒரு விரக்கடை கண்ணாடியை இறக்கிக்கட்டுமா? வெந்து போயிடுவேன்.”

“கொஞ்சம் பொறுத்துக்கங்க தம்பி. நீங்க பெரியவங்க, தாங்குவீங்க. அதுங்க தாங்குமா?”

பொறுத்துக்கொண்டேன். உச்சி தாண்டி இறங்கும்போது கீச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு ஒன்றிரண்டுதான் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன்.

“தூங்குதுங்க,” என்றார் அண்ணி குரலைத் தாழ்த்தி. “சூடு கிடைச்சிருச்சுல்ல. பள்ளத்துல விடாம ஓட்டுங்க.” தலையைச் சாய்த்துக்கொண்டு, “முதல் குஞ்சை எடுத்துத் தங்கச்சி புருஷன் கையில குடுக்கணும்” என்றார். அண்ணன் போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மிஷின் சூடேறியிருந்தது. தங்கை வாசலுக்கே ஓடி வந்தாள். அண்ணி போர்வையை விலக்கினார். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. போர்வையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. ஒரு முட்டையில் சின்ன ஓட்டை. அதில் அலகு நுனி நீட்டிக்கொண்டு அப்படியே நின்றிருந்தது. அண்ணி அதைக் கையில் எடுத்தார், காதில் வைத்தார், வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். தட்டு தட்டாக அப்படியே செய்தார். ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. கடைசியில் அந்த மூலையிலிருந்து மெலிதாக ஒரு கீச்சு வந்தது. இன்னொன்றும் வந்தது. போர்வை எட்டாத மூலையில் இரண்டு முட்டை மட்டும் உயிரோடு இருந்தன.

நான்தான் மிஷின்காரருக்குப் போன் போட்டேன். “போர்த்தினீங்களா? ஐயையோ! பொரியற நேரத்துல குஞ்சே சூடு விடுமே சார். அதுக்குக் காத்துதான் வேணும். அதைச் சொல்ல வந்தேன், அம்மா வெச்சுட்டாங்க.” ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தேன். அண்ணி கேட்டுக்கொண்டு நின்றார். வாசலில் நின்ற தங்கை புருஷன், “சரி, இதையெல்லாம் எங்க கொட்டறது?” என்றார். அறைந்திருப்பேன். பெட்டி குறுக்கே இருந்தது.

இரண்டு முட்டைகளையும் மிஷினில் வைத்துவிட்டு, அண்ணி அதற்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்தார். நல்ல குளிர். தங்கை ஒரு சால்வையைக் கொண்டுவந்து அக்காவின் தோளில் போட்டாள். அண்ணி அதை உருவித் தள்ளி வைத்தார்.

“போர்த்தாதடி. மூச்சு முட்டும்.”

தங்கை அழுதுகொண்டே உள்ளே போனாள். அண்ணி மிஷினின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலேயே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி.”

“சொல்லுங்க அண்ணி.”

“அன்னிக்கு ராத்திரியும் குழந்தைய நான் நல்லா இழுத்துப் போர்த்தித்தான் படுக்க வெச்சேன். முகத்துக்கும் சேர்த்து.”

குளிர்தான் அண்ணி, நர்ஸே சொன்னாங்களே என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.