சவரக் கடைப் படிகாரம்

என் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் மேஸ்திரி. அத்தனை மிஷின் ஓடுகிற இரைச்சலில் ஒன்று மட்டும் தாளம் தப்பினால், வாசலில் நின்றபடியே எது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காது. தன் நெஞ்சுக்குள் ஓடுகிற ஒற்றை மிஷின் தாளம் தப்பியது மட்டும் அந்தக் காதுக்கு எட்டவில்லை.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மில் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். இவர் மேலே சுற்றுகிற ஃபேனில் என்ன பழுது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதயம் சீராகத் துடிக்காமல் நடுங்குகிறதாம். அதனால் உள்ளறையில் ரத்தம் ஓடாமல் தேங்குமாம். தேங்கிய ரத்தம் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் வாயும் கைகாலும் விழுந்துவிடும். கட்டாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஓடாத கால்வாயில் பாசி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

விளங்காதவர் கீழக்குயில்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். அவருடைய அக்கா, என் நாத்தனார். கையில் முருங்கைக்கீரை, ஒரு சுமை.

“எங்க அப்பன் வீட்டு ரத்தம் கெட்டி ரத்தம். அதத் தண்ணியாக்கத்தான் உன்னக் கட்டி வச்சமா?”

கெட்டி ரத்தத்தின் பெருமையை மாலை வரைக்கும் கேட்டேன். கீரையைத் திடீரென்று அள்ளிப் போடாதே, மாத்திரை வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வாராவாரம் வந்த கீரையெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. ஆடு நல்ல கெட்டி ரத்தத்தோடு இருந்தது.

பரிசோதனைச் சீட்டு இங்கிலீஷில் வரும். நான் தமிழையே எழுத்துக்கூட்டிப் படிப்பவள். எனக்குச் சீட்டு, எங்கள் தெரு சவரக் கடைக்காரர்தான். மாத்திரை தொடங்கியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சவரத்தில் இவருக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாலு தடவை படிகாரம் தேய்த்த கதையைச் சொல்லி அலுத்துக்கொள்வார். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேலி வேறு செய்தார்களாம். நாலு தடவை என்று கேட்டால் மாத்திரை வேலை செய்கிறது என்று நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் நிற்கிறேன். சவரக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“அக்கா, அண்ணனுக்கு உடம்பு தேறிருச்சு. ரெண்டு வாரமா ஒரு தடவ தேச்சாலே ரத்தம் நின்னுருது.”

வேறு ஒருத்தியாக இருந்தால் பாயசம் வைத்திருப்பாள். நான் தராசில் ஏறிய கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

தேடினேன். வெற்றிலைப் பெட்டிக்கு அடியில், காய்ந்துபோனது என்று நான் தொடாமல் விட்ட பழைய சுண்ணாம்பு டப்பா. உள்ளே வெள்ளையோடு வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு மாத்திரை. நாக்குக்கடியில் ஒதுக்கி, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து வைத்திருக்கிறார். மேஸ்திரி மூளை.

டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். ரேடியோவை நிறுத்தினார்.

“அக்காதான் சொல்லுச்சு. ஆம்பளைக்கு ரத்தம் தண்ணியாகக் கூடாதாம்.”

“நாளைக்கு வாய் கோணிப் படுத்துட்டீகன்னா, அள்ளிப் போட ஒங்க அக்கா பஸ் ஏறி வருமா?”

டப்பாவை மூடிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

“வியாழக்கெழம காப்பித் தம்ளர் கை நழுவிருச்சு. கொஞ்ச நேரம் அது எங் கையாவே இல்ல. பெறகு சரியாப் போச்சு.”

அந்தக் காப்பியைத் துடைத்தவள் நான். துடைத்துக்கொண்டே திட்டவும் செய்தேன்.

அப்போதே ரிக்‌ஷா பிடித்தேன். மாத்திரை சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டதற்கு, தவறாமல் என்றார் இவர். நான் சுண்ணாம்பு டப்பாவை மேஜை மேல் வைத்து, தம்ளர் கை நழுவியதையும் சொன்னேன். போன கட்டி சின்னது, கரைந்துவிட்டது, அடுத்தது கரையும் என்று நினைக்காதீர்கள் என்றார் டாக்டர். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். படிகாரத்தைப் பற்றியும் சொன்னேன். சிரித்துவிட்டு, அதை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடாதே என்றார். விடவில்லை. படிகாரத்தையும்தான் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து விழுங்கும் வரை எதிரே நிற்பேன். வாயைத் திறக்க வேண்டும், நாக்கைத் தூக்க வேண்டும். மில் கேட்டில் ஆளைத் தடவிப் பார்த்து வெளியே விடுவார்களே, அந்த மரியாதைதான் மேஸ்திரிக்கும். தம்பியைக் காப்பாற்றியது தன் முருங்கைக்கீரைதான் என்று நாத்தனார் கீழக்குயில்குடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. ஆட்டைக் கேட்டால் தெரியும்.

மூன்று நாலு ஞாயிறு கழிந்து, அதே காய்கறிக் கடையில் சவரக் கடைக்காரர் வாடிய முகத்தோடு வந்தார்.

“அக்கா, அண்ணனுக்கு மறுபடியும் நாலு தடவ தேச்சேன்.”

புருஷன் மோவாயில் ரத்தம் நிற்கவில்லை என்று கேட்டு, அரைக்கிலோ கத்தரிக்காய் கூடப் போடச் சொன்ன பொம்பளை எங்கள் பழங்காநத்தத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.